பின் ஸீட்டிலிருந்து முன் ஸீட்டுக்கு

கல்யாணமாகி, வலது காலை எடுத்து வைத்து நான் இந்தத் தஞ்சாவூர் வீட்டுக்குள் நுழைந்தபோது, எனக்கு முன்பே இங்கே ஒருத்தி குடியிருந்தாள். நல்ல கறுப்பு. கனத்த சரீரம். வாயைத் திறந்தால் தெருக்கோடி வரையில் கேட்கும். வாரத்துக்கு ஒரு தடவை அவளைக் குளிப்பாட்டி, துடைத்து, எண்ணெய் போட்டுப் பளபளவென்று வைப்பது என் கணவரின் வேலை. அந்த வேலையை அவர் வேறு யாரிடமும் விடமாட்டார். (வீட்டில் அவர் யாரிடமும் விடாமல் செய்த வேலை அது ஒன்றுதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

பதற வேண்டாம், சகோதரிகளே! நான் சொல்வது அவருடைய புல்லட் மோட்டார் சைக்கிளைப் பற்றி. அதை அவர் வாங்கியது 1996-ல். நான் வந்தது 1999-ல். ஆகவே முறைப்படி அவள் மூத்தவள், நான் இளையவள்.

இருபத்து மூன்று வருஷம் அந்த மூத்தவளின் பின் ஸீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கிராமத்துக்கும் போய் வந்திருக்கிறேன். ஒரு கையால் ஸீட்டுக் கம்பியையும், இன்னொரு கையால் புடவைத் தலைப்பையும், இரண்டு கையும் போதாமல் மடியில் குழந்தையையும் பிடித்துக்கொண்டு போன பிரயாணங்கள் எத்தனையோ! ஆனால் ஒரு நாள் முன் ஸீட்டில் உட்கார்ந்து நானே அவளை ஓட்டுவேன் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

ஓட்டினேன். நாற்பத்தாறாவது வயதில் ஓட்டினேன். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

விலை பேசிய நாள்

2022 தீபாவளிக்குப் பிறகு என் கணவருக்கு ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. வலது முழங்காலை மடக்கினால் நீட்ட முடியவில்லை. நீட்டினால் மடக்க முடியவில்லை. மூட்டுத் தேய்மானம் என்றார் டாக்டர். மாடிப் படி வேண்டாம், தரையில் உட்கார வேண்டாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில், "காலால் உதைத்து ஸ்டார்ட் செய்கிற வண்டி வேண்டவே வேண்டாம்" என்று முடித்தார். மற்ற எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டியவர் இதற்கு மட்டும் ஆட்டவில்லை.

இந்தக் காலத்துப் புல்லட்டில் பொத்தானை அழுத்தினால் போதும், இன்ஜின் ஓட ஆரம்பித்துவிடும். எங்கள் மூத்தவளுக்கு அந்த நாகரிகமெல்லாம் தெரியாது. உதைத்தால்தான் எழுந்திருப்பாள். அதற்கான உதைப்பானோ வலது பக்கத்தில் இருக்கிறது. கெட்டுப்போன முழங்காலும் வலதுதான்.

பொங்கல் கழிந்து கும்பகோணத்திலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவரே ஸ்டார்ட் செய்து, கச்சேரி கேட்கிறவரைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். நல்ல விலையாகவே சொன்னார். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவு பதினோரு மணிக்கு வாசலில் ஏதோ வெளிச்சம் தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். என் கணவர் ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் பனியன் துணியுமாக வண்டியின் டாங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

மறுநாள் காலை காபியைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்: "வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் வாங்காதீங்க. நான் ஓட்டக் கத்துக்கறேன்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்ததும் அவரும் நிறுத்திவிட்டார்.

"நீ மார்க்கெட்டுக்குப் போற ஸ்கூட்டர் இல்லை இது."

"தெரியும்."

"கியர் வண்டி. கனம் எவ்வளவு தெரியுமா?"

எனக்குப் பதிலாக ஊஞ்சலிலிருந்து என் மாமியாரின் குரல் வந்தது. "ஏன், அவ ஏறினா வண்டி மாட்டேன்னு சொல்லுதாமா?"

அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. பேசுவது குறைவு. பேசினால் அதற்கு அப்பீல் கிடையாது. "நடவு நேரத்துல உங்கப்பா காய்ச்சல்ல கிடந்தப்ப, நாத்து முடி அத்தனையையும் வண்டியில ஏத்திக்கிட்டு நானேதான் ஓட்டிட்டுப் போனேன். மாட்டுக்கு ஆம்பளை பொம்பளைன்னு தெரியாதுடா. கயித்தைப் பிடிச்ச கை நடுங்குதா இல்லையான்னுதான் தெரியும்" என்றார்.

என் கணவர் யோசித்தார். ஆற்றில் தண்ணீர் வருகிற வரையில் எனக்குக் கெடு. ஜூன் மாதத்துக்குள் நான் ஓட்டக் கற்றுக்கொண்டால் வண்டி இருக்கும். இல்லாவிட்டால் கும்பகோணம் போய்விடும்.

மூத்தவளின் பூர்விகம்

ஒருத்தியோடு பழகுமுன் அவளுடைய பிறந்த வீட்டைப் பற்றி விசாரிப்பதுதானே நமது வழக்கம்? நானும் விசாரித்தேன்.

அவளுடைய பிறந்த வீடு சீமையிலே இருக்கிறது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர். ஊசி தயாரிப்பதற்குப் பெயர் போன ஊர் அது. ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் 1901-ல் தங்கள் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். புல்லட் என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் வந்தது. நாடு சுதந்திரமடைந்த பிறகு, எல்லைப்புறத்துக் கரடு முரடான பாதைகளுக்குத் தகுந்த வண்டி நம்முடைய ராணுவத்துக்கு வேண்டியிருந்தது. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-ல் ரெட்டிச் கம்பெனியாரும் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி வண்டியாக்கினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. 1970-வாக்கில் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. பிறந்த வீடு கதவைச் சாத்திவிட்டது. புகுந்த வீட்டிலோ பெண் அமோகமாக வாழ்ந்தாள்! அது மட்டுமா? 1977-ல் திருவொற்றியூரிலிருந்து புல்லட்டுகளை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தார்கள். புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்குச் சீர் அனுப்பிய நாட்டுப்பெண்ணை நீங்கள் வேறு எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? 1994-ல் கம்பெனி ஐஷர் நிறுவனத்தாரின் கைக்கு வந்தது. புல்லட் என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

இதையெல்லாம் கேட்டதும் மூத்தவளிடம் எனக்கு ஒரு பச்சாத்தாபம் உண்டாயிற்று. புகுந்த வீட்டில் காலூன்றி நிற்கிற கஷ்டம் நமக்குத் தெரியாதா, என்ன?

"முள்ளைப் பார்! முள்ளைப் பார்!"

எங்கள் கிராமம் திருவையாற்றுக்கு அப்பால் காவிரிக் கரையில் இருக்கிறது. அங்கே எங்களுக்குக் கொஞ்சம் நிலமும், சிமெண்டு பூசிய நெல் களம் ஒன்றும் உண்டு. அறுவடை முடிந்து களம் காலியாக இருந்தது. கொழுந்தனார் வண்டியை ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய்க் களத்தில் நிறுத்திவிட்டார். சனி, ஞாயிறுகளில் நானும் என் கணவரும் பஸ்ஸில் போவோம். களத்து ஓரத்துப் புங்கமர நிழலில் நாற்காலி போட்டு அவர் உட்காருவார், நீதிபதி மாதிரி. நான் குற்றவாளி மாதிரி வண்டியின் பக்கத்தில் நிற்பேன்.

முதல் பாடம், வண்டியை எழுப்புவது. இது உடம்பு பலத்தால் ஆகிற காரியம் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்து, ஐம்பத்து நான்கு கிலோ எடையையும் திரட்டி ஓங்கி ஓர் உதை விட்டேன். உதைப்பான் என்னைத் திருப்பி உதைத்தது! கணுக்காலில் மூன்று நாள் ஒத்தடம்.

"உதைக்கிறதுக்கு முன்னாடி கேக்கணும்" என்றார் என் கணவர். "அவ எந்த நிலையில இருக்கான்னு கேட்டுட்டுத்தான் உதைக்கணும்."

கேட்பது எப்படியென்றால், விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மீட்டர் இருக்கிறது. மின்சாரம் பாட்டரிக்கு வருகிறதா, பாட்டரியிலிருந்து போகிறதா என்று காட்டுகிற அம்மீட்டர். சாவியைப் போட்டு, உதைப்பானை மெள்ள மெள்ள அமுக்கினால் அதன் முள் ஒரு பக்கம் சாயும்; பிறகு நடுவுக்கு வரும். நடுவுக்கு வந்தால் சிலிண்டருக்குள் பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே இடது கையருகே உள்ள ஒரு சின்ன நெம்பைப் பிடித்தால் உள்ளே அடைபட்ட காற்று வெளியே போய்விடும். உதைப்பானை இன்னும் ஒரு விரற்கடை நகர்த்த வேண்டும். நெம்பை விட்டுவிட்டு, உதைப்பானை மேலே வரவிட்டு, இப்போது ஒரே சீராக ஓர் அமுக்கு. அவ்வளவுதான்! கோபம் கூடாது. அவசரம் கூடாது.

"முள்ளைப் பார்! முள்ளைப் பார்!" என்று நாற்காலியிலிருந்து சத்தம் வந்துகொண்டே இருக்கும். பதினேழாவது தடவையோ பதினெட்டாவது தடவையோ முள் நடுவுக்கு வந்தது. நெம்பைப் பிடித்தேன், விட்டேன், அமுக்கினேன்.

டப்... டப்... டப்... டப்!

சகோதரிகளே, அந்தச் சத்தத்தை நான் இருபத்து மூன்று வருஷமாகக் கேட்டவள். ஆனால் என் காலுக்கடியில் அது பிறந்தபோது உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! முதல் குழந்தை முதல் தடவை அழுதபோது இருந்ததே, அதில் கால் பங்காவது இருந்தது.

அந்தச் சத்தத்துக்குக் காரணமும் தெரிந்துகொண்டேன். நெல் குத்தும்போது இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்தினால் சத்தம் படபடவென்று வரும். ஒருத்தி மட்டும் கனமான உலக்கையைப் போட்டால் நிறுத்தி நிறுத்தி, அழுத்தமாக விழும். புல்லட்டுக்கு ஒரே சிலிண்டர், ஒற்றை உலக்கை. அந்த உலக்கை மேலும் கீழும் போகிற தூரம் 90 மில்லிமீட்டர். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பெரிய அளவாக 350 சி.சி. என்று சொன்னாலும் கணக்குப் பார்த்தால் 346 கன சென்டிமீட்டர்தான். இரண்டு டம்ளர் காபி கொள்ளும் இடம்! அதற்குள்ளிருந்துதான் 18 குதிரைச் சக்தி வருகிறது. உள்ளே கனத்த சக்கரம் ஒன்று மாவரைக்கிற கல்லைப் போலச் சுற்றுகிறது. ஒரு தடவை சுழல ஆரம்பித்துவிட்டால் லேசில் நிற்காது.

வலிமையான வண்டி என்றால் வேகமான வண்டி என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. இன்றைக்குத் தெருவில் பையன்கள் ஓட்டுகிற வண்டிகளில் பல இவளைச் சுலபமாக முந்திவிடும். இவளுடைய வலிமை வேறு. மெதுவாகப் போனாலும் மூச்சு வாங்காமல் பாரத்தை இழுக்கிற வலிமை.

மதகு திறக்கிற மாதிரி

வண்டி எழுந்துவிட்டது. நகர வேண்டாமா? அங்கேதான் என் கர்வம் பங்கமாயிற்று.

கிளட்ச்சைப் பிடித்தேன். வலது காலால் முதல் கியரைப் போட்டேன். (இந்தக் காலத்து வண்டிகளில் கியர் இடது காலில், இவளுக்குக் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். எல்லாம் சீமை வழக்கம்.) கிளட்ச்சை விட்டேன். வண்டி திமிறிய கன்றுக்குட்டியைப் போல ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. மறுபடியும் எழுப்பினேன். மறுபடியும் துள்ளிற்று. இப்படி ஒரு காலைப் பொழுது முழுவதும்.

என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து நொண்டிக்கொண்டே வந்தார். "மதகு திறந்திருக்கியா?" என்று கேட்டார்.

இருக்கிறேன். டெல்டாவில் வாழ்க்கைப்பட்டவள் மதகு திறக்காமல் இருப்பாளா?

"வாய்க்கால்ல தண்ணி முட்டிக்கிட்டு நிக்கறப்ப பலகையை ஒரேயடியா எடுத்தா என்ன ஆகும்?"

"வரப்பு உடைஞ்சு போகும்."

"அப்ப எப்படி எடுப்பே?"

"கொஞ்சம் தூக்கிட்டு, தண்ணி பாயற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு, அப்புறம் மீதி."

"கிளட்ச் அதுதான்" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. இன்ஜினில் பெருகி நிற்கிறது வெள்ளம். பின் சக்கரம்தான் வயல். இரண்டுக்கும் நடுவில் மதகு என் இடது கையில் இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கல்லணையும் அந்தத் தத்துவம்தானே? அது காவிரியை மறித்து நிறுத்துவதற்குக் கட்டியதல்ல. காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பங்கிட்டுத் திருப்பி விடுவதற்கு இருப்பது. வெள்ளத்தோடு மல்லுக்கு நின்றவர்கள் ஜெயித்ததில்லை. திருப்பி விடத் தெரிந்தவர்கள்தான் சோறு போட்டிருக்கிறார்கள்.

பலகையைத் தூக்குகிற மாதிரி விரல்களை விட்டேன். பாதியில் பிடித்தேன். வண்டி ஒரு முனகல் முனகிவிட்டு, துள்ளாமல், குதிக்காமல், நகர்ந்தது! களத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாற்பது கஜம் இருக்கும். அதற்குள் உலகத்தையே சுற்றி வந்த மாதிரி இருந்தது.

மறுகோடியில் திருப்ப வேண்டியிருந்தது. கைப்பிடியை அதிகமாக ஒடித்துவிட்டேன். கூடவே முன் பிரேக்கையும் பிடித்துவிட்டேன். அவ்வளவுதான். மூத்தவள் மெள்ளச் சாய்ந்தாள். தாங்கிப் பார்த்தேன். அவளுடைய எடை 160 கிலோவுக்கு மேல். நெல் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிற 40 கிலோ மூட்டை நான்கு. நான்கு மூட்டையைத் தனியாகத் தாங்க முடியுமா? காலை மட்டும் இழுத்துக்கொண்டேன். தொப்பென்று விழுந்தாள்.

என் கணவர் ஓடி வந்தார். ஓடி வர முடியாத கால் என்பதை மறந்து ஓடி வந்தார். "அடிபட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு, வண்டியைத் தூக்கக் குனிந்தார். ஒரு காலத்தில் ஒற்றை ஆளாக அநாயாசமாகத் தூக்கி நிறுத்தியவர் அவர். முழங்கால் மடங்கவில்லை. இன்னொரு தடவை குனிந்தார். முடியவில்லை. நிமிர்ந்து வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் களத்தில் விழுந்துகொண்டிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் கண்ணை அப்படி நான் பார்த்ததில்லை.

"எப்படித் தூக்கறதுன்னு சொல்லுங்க. நான் தூக்கறேன்" என்றேன்.

சொன்னார். முதலில் பெட்ரோல் குழாயை மூடு. சாவியை எடு. வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பை ஸீட்டில் முட்டுக்கொடுத்து உட்கார். ஒரு கை கைப்பிடியில். ஒரு கை பின்கம்பியில். கையால் தூக்காதே, முதுகால் தூக்காதே. காலால் தரையை உதைத்துப் பின்னோக்கி நட.

நடந்தேன். அவர் ஒரு பக்கம் கை கொடுத்தார். கால் அங்குலம், அரை அங்குலம் என்று எழுந்து, மூத்தவள் நிமிர்ந்து நின்றாள். இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு அவளை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். வெகு நேரம் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அவர் பனியன் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பாதியில் அதை என்னிடம் நீட்டினார். யாரிடமும் விடாத வேலையை அன்றைக்கு என்னிடம் விட்டார்.

எட்டுப் போட்ட கதை

கியரில்லாத வண்டிக்கு லைசென்ஸ் இருந்தால் கியர் வண்டியை ஓட்டலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கூடாது. சட்டத்தில் இரண்டும் வெவ்வேறு. முதலில் பழகுநர் லைசென்ஸ் வாங்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். வாங்கி முப்பது நாள் ஆன பிறகுதான் பரீட்சைக்குப் போகலாம். கொழுந்தனாரைப் பின்னால் வைத்துக்கொண்டு, சிவப்பு எழுத்துப் பலகையை மாட்டிக்கொண்டு, ஊர்ச் சாலையில் இரண்டு மாதம் பழகினேன். புடவையை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சுடிதாரும் கணுக்காலை மூடுகிற ஷூவும் அணிந்தேன். இதுதான் ஜாக்கிரதை. தலைக்கவசம் முன்னால் உட்காருகிறவருக்கு மட்டுமல்ல, பின்னால் உட்காருகிறவருக்கும் சட்டப்படி அவசியம்.

பரீட்சையில் எட்டு வடிவத்தில் வண்டியை வளைத்து ஓட்ட வேண்டும். கால் தரையில் படக்கூடாது. என் முறை வந்தபோது அங்கே நின்ற பையன்களெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். முள்ளைப் பார்த்தேன். ஒரே அமுக்கில் எழுந்துவிட்டாள். பாதி மதகில் எட்டைப் போட்டு முடித்தேன். ஒரு பையன் அருகில் வந்து, "எப்படிம்மா ஒரே கிக்குல ஸ்டார்ட் பண்ணுனீங்க?" என்று கேட்டான். "கேட்டுட்டு உதைக்கணும், தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் ஏதோ பெரிய சாகசம் செய்துவிட்டதாகச் சொல்ல வரவில்லை. தெரஸா வாலாக், ஃப்ளாரன்ஸ் பிளென்கிரன் என்ற இரண்டு ஆங்கிலப் பெண்கள் 1934 டிசம்பரில் லண்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பி, சஹாரா பாலைவனத்தைக் கடந்து, 1935-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நம் சென்னைப் பெண் அலிஷா அப்துல்லா மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஆண்களோடு போட்டி போட்டுப் பெயர் வாங்கியிருக்கிறார். 2018 குடியரசு தினத்தன்று டில்லி ராஜபாதையில் எல்லைப் பாதுகாப்புப் படையின் 'சீமா பவானி' பெண்கள் அணி மோட்டார் சைக்கிள்களின் மேல் நின்றும் அடுக்கடுக்காக ஏறியும் காட்டிய வித்தைகளைத் தொலைக்காட்சியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் எனக்கு நினைவு வந்தது அவர்களல்ல. 1990-களின் ஆரம்பத்தில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் கூடவே சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். குவாரியில் கல் உடைக்கிறவர்கள், வயல் வேலை செய்கிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோரும் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் கிளம்பினார்கள். பஸ்ஸுக்குக் காத்திராமல், கூட்டிப் போக ஆளுக்குக் காத்திராமல் போய் வந்தார்கள். அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பெண். என் அம்மா அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் எனக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கச் சொன்னாள். அந்தச் சைக்கிளின் பின் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டுதான் இந்தப் புல்லட் வந்திருக்கிறது.

ஐந்து ஆறுகள்

2023 ஜூன் 12-ம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தார்கள். அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் பிடிக்கும். கல்லணை திறந்து கிளை ஆறுகளில் தண்ணீர் ஏறியதும் கிராமத்துக்குப் போய், வாய்க்காலில் தண்ணீர் ஏறுகிறதா, நாற்றங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து வருவது வருஷா வருஷம் என் கணவரின் வேலை. அந்த வருஷம் அவரால் போக முடியவில்லை.

ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி. அத்தை வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தார். என் கணவர் திண்ணையில் உட்கார்ந்து வேறு எங்கேயோ பார்ப்பது போலப் பாசாங்கு செய்தார். முள் நடுவுக்கு வந்தது. அமுக்கினேன். கிளம்பினேன். தனியாக, முதல் தடவை.

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பதின்மூன்று கிலோமீட்டர் போல இருக்கும். அதற்குள் ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். முதலில் வடவாறு. கரந்தையைத் தாண்டினால் வெண்ணாறு. பிறகு வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. இரண்டாவது கியர், மூன்றாவது கியர் என்று போட்டுக்கொண்டு வெண்ணாற்றுப் பாலத்தில் ஏறினேன். பாலத்துச் சுவர்கள் இரண்டும் வண்டிச் சத்தத்தை வாங்கி எனக்கே திருப்பிக் கொடுத்தன. கைப்பிடியில் ஆரம்பித்த அதிர்வு முழங்கை வரையில் ஏறி, பிறகு நெஞ்சுக்குள்ளேயே அடிப்பது போலாகிவிட்டது. அது இன்ஜினா, என் இதயமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கீழே பார்த்தேன். செம்மண் கலந்த புதுத் தண்ணீர், சருகும் நுரையுமாக, மணலைத் தடவிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. படித்துறையில் சில பெண்கள் பூவைப் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றில் ஈர மண் வாசனை.

நாலாவது கியர். ஐம்பது கிலோமீட்டர் வேகம். அதற்கு மேல் போகவில்லை. போக வேண்டுமென்று தோன்றவும் இல்லை. வலது மணிக்கட்டை ஒரு நெல்லளவு திருப்பினால் அத்தனை கனமும் முன்னால் பாய்கிறது. ஒரு நெல்லளவு விட்டால் அடங்குகிறது. பதினெட்டுக் குதிரைகளும் என் சொல்லைக் கேட்கின்றன! வீட்டில் என் சொல்லை யார் இப்படி உடனே கேட்டிருக்கிறார்கள்?

கண்டியூர்ப் பக்கம் ஒரு சோதனை வந்தது. சாலையை அடைத்துக்கொண்டு வைக்கோல் ஏற்றிய டிராக்டர் முன்னால் போயிற்று. பின்னாலிருந்து ஒரு பஸ் ஓயாமல் ஹாரன் அடித்தது. 'முந்து, முந்து' என்று அது அவசரப்படுத்தியது. கை பதறப் பார்த்தது. அத்தை சொன்ன மாட்டுக் கயிறு நினைவுக்கு வந்தது. ஓரமாக ஒதுங்கி, கியரைக் குறைத்து, பஸ்ஸை முன்னால் போகவிட்டேன். டிராக்டருக்குப் பின்னால் உதிர்ந்த வைக்கோலை வாங்கிக்கொண்டு சாவகாசமாகப் போனேன். மூத்தவள் முணுமுணுக்கவில்லை. மெதுவாகப் போவதற்கும் பலம் வேண்டும். அது அவளிடம் இருந்தது.

அப்போதுதான் ஒரு விஷயம் என் மனத்தில் பட்டது. இந்தச் சாலையில் நான் எத்தனை நூறு தடவை போயிருப்பேன்! ஆனால் எதிரே வருகிற சாலையை நான் பார்த்ததே இல்லை. ஒருக்களித்து இடது பக்கம் திரும்பி உட்காருகிறவளுக்கு இடது பக்கத்து வயல் தெரியும், மரம் தெரியும், அவருடைய முதுகு தெரியும். எல்லாமே கடந்து போன பிறகுதான் தெரியும். இன்றைக்கோ தென்னந்தோப்பு இரண்டு பக்கத்திலிருந்தும் என்னை நோக்கி வந்தது. பாலம் வந்தது. ஆறு வந்தது. எல்லாம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது.

காவிரிப் பாலத்தில் ஏறியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்றினால்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தெருக்கோடிச் சத்தம்

கிராமத்தில் வாய்க்காலில் தண்ணீர் ஏறியிருந்தது. நாற்றங்கால் பச்சைப் பாயை விரித்த மாதிரி இருந்தது. பார்த்துவிட்டுப் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்குத் திரும்பினேன்.

இருபத்து மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். தெருக்கோடியில் புல்லட் சத்தம் கேட்டதும் நான் அடுப்பில் பாலை வைப்பேன். அவர் வண்டியை நிறுத்தி, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவதற்கும் பால் பொங்குவதற்கும் சரியாக இருக்கும்.

அன்றைக்கு நான் வண்டியை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். என் கணவர் சமையலறையிலிருந்து நொண்டிக்கொண்டே வந்தார். கையில் டபரா செட். நுரை வழிகிற காபி.

"தெருக்கோடியில சத்தம் கேட்டுச்சு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. காபியில் சர்க்கரை இரண்டு மடங்கு இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். அன்று மாலையே கும்பகோணத்துக்கு டெலிபோன் செய்து, வண்டி விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் என்னோடு கிளம்பினார். காலைத் தூக்கிப் போட்டு உட்கார முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஆகவே வேஷ்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பின் ஸீட்டில் ஒருக்களித்து இடது பக்கம் திரும்பி உட்கார்ந்தார். என் புடவைக்காக 1999-ல் அவர் மாட்டிய ஸாரி கார்டு, இப்போது அவருடைய வேஷ்டியைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது.

வெட்டாற்றைத் தாண்டியதும் என் காதருகே கத்தினார்: "இந்தா! இங்கே இவ்வளவு பெரிய குளம் இருக்கே, இதை எப்ப வெட்டினாங்க?"

"நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்துச்சுங்க" என்றேன்.